பயந்தவன் நடை

காலுறையைக் கழற்ற மறந்தது என் தப்புதான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுத்தாலும் நாற்பது சாட்சிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நாலு கால்.

அன்று செர்மாங் கணவாய்க்கு ஜெனரல் வந்திருந்தார். பதினேழாயிரம் அடி உயரத்தில் ஒரு ஷாமியானா, அதன் கீழே ஒரு சோபா, சோபாவில் ஜெனரல். எதிரே எங்கள் மலைச் சுமைப்படையின் நாற்பது கழுதைகள் நாலு வரிசையாக நின்றன. கழுதை என்றால் காகிதம் தின்கிற கழுதை அல்ல. இரும்பும் ரப்பரும் பேட்டரியும் சேர்ந்த நாலுகால் இயந்திரம். முதுகில் தொண்ணூறு கிலோ அரிசியோ மண்ணெண்ணெயோ ஏற்றிவிட்டால் பனிக்கு மேலே இருக்கிற காவல் சாவடிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அது சாவடிக்குப் போய்த் திரும்பிவிடும் என்பதால் நாங்கள் கழுதை என்றே சொன்னோம்.

என் வேலை நடப்பது. சென்சார் வைத்துத் தைத்த சாம்பல் நிறக் காலுறை இரண்டு எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்தால், என் பாதம் எங்கே எவ்வளவு அழுந்துகிறது என்பது கழுதைகளுக்குப் போகும். அவையும் அப்படியே அடி வைக்கும். வேலை முடிந்ததும் காலுறையைக் கழற்றித் தகர டப்பாவில் வைக்க வேண்டும் என்பது விதி.

அணிவகுப்பு முடிந்தது. ஸ்டோருக்குப் பின்னால் மறைவில் நடந்து அதை நடத்திய நான் அங்கேயே நின்றேன், காலுறையோடு. மைனஸ் பதினெட்டு டிகிரி. பேண்டு வாத்தியக்காரர்கள், குளிரில் தோல் இறுகிவிட்டதா என்று பார்க்க மேளத்தில் நாலு தட்டுத் தட்டினார்கள். அந்தத் தட்டு இருக்கிறதே, அது குடியாத்தம் பக்கத்தில் பிறந்தவன் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமல் கால் முடிவெடுத்துவிடும். குளிருக்கும் இதமாக இருந்தது. இரண்டு குத்து. ஒரு சுற்று. இடது முட்டியை மடக்கித் தரைவரை ஓர் இறக்கு.

ஷாமியானாப் பக்கமிருந்து யாரோ அலறியபோதுதான் எனக்குக் காலுறை ஞாபகம் வந்தது.

என்னவோ ஏதோ என்று ஓடினேன். அது அடுத்த தப்பு. நாற்பதும் ஓடின.

"தணிகை! அசையாம நில்லுடா!" என்று கேப்டன் ஷீபா குரியன் கத்தினார். பாலக்காட்டுக்காரர், கோபம் வந்தால் பாதித் தொண்டை மலையாளத்துக்குப் போய்விடும். ஒரு காலைத் தூக்கியபடியே நின்றேன். நாற்பது கழுதைகளும் அப்படியே நின்றன. ஷாமியானா தரையில் கிடந்தது. அதன் நடுவே சோபா அளவுக்கு ஒரு புடைப்பு. புடைப்பு அசைந்தது, அதன் ஓரத்திலிருந்து ஜெனரல் வெளியே வந்தார். தொப்பி இல்லை. தொப்பி முதல் வரிசையில் இருந்த ஒரு கழுதையின் காலில் இருந்தது.

அவர் கழுதைகளைப் பார்த்தார். பிறகு ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்ற என்னைப் பார்த்தார்.

"இந்த நாற்பதும் இவன் ஒருத்தன் காலிலா நடக்கிறது?"

என்னைத் தண்டித்திருந்தால் தப்பித்திருப்பேன். என் ஏழு வருஷப் பணிக்காலம் முடியப் பதினோரு நாள்தான் பாக்கி. பத்து நாள் பாத்திரம் தேய்க்கச் சொல்லியிருந்தால் தேய்த்துவிட்டு ரயில் ஏறியிருப்பேன். ஜெனரல் அதைச் செய்யவில்லை. என்மேல் அக்கறை கொண்டுவிட்டார்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. லான்ஸ் நாயக் தணிகைவேலின் பணிக்காலம், தேவை தீரும் வரை நீட்டிக்கப்படுகிறது.

"எப்ப தீரும் மேடம்?" என்று கேப்டன் ஷீபாவிடம் கேட்டேன்.

"பார்க்கலாம்."

"நான் ஏழு வருஷம்னுதானே கையெழுத்துப் போட்டேன்?"

"எட்டாம் பக்கத்துல போட்டாய். இந்த விதி ஒன்பதாம் பக்கத்துல இருக்கு."

"கையெழுத்து எட்டோட முடிஞ்சுடுதே மேடம், ஒன்பதை யாரு படிப்பாங்க?"

"அதனாலதான் ஒன்பதுல வச்சிருக்காங்க." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை நாள் ஹெட்குவார்ட்டர்ஸ் என்ன நினைச்சிட்டிருந்தாங்க தெரியுமா? நீ ஒரு தடவை நடந்து காட்டின, கழுதை கத்துக்கிச்சு, கதை முடிஞ்சதுன்னு. பனி தினமும் மாறுது, நீ தினமும் காலைல முன்னாடி நடந்தாத்தான் அன்னிக்குப் பாதை அதுங்களுக்குப் புரியும்னு அவங்களுக்குத் தெரியாது. நீ ஆடினாய். இப்ப தெரிஞ்சுபோச்சு."

"வேற ஆள் நடக்கட்டுமே மேடம்."

"பதினாறு பேரை நடக்க வச்சுப் பார்த்தாச்சு. ஹரியானா பயில்வான் ஒருத்தன் நடந்தான், மூணு கழுதை பனிக்குள்ள போச்சு. மலையேறுற சாம்பியன் ஒருத்தன் நடந்தான், அஞ்சு போச்சு. எல்லாரும் தைரியசாலிங்க. காலைத் தூக்கி நேரா வைக்கிறாங்க. நீ மட்டும்தான் இடது காலை முன்னாடி விட்டு, தட்டிப் பார்த்து, பாதி வெயிட்டப் போட்டு, சாமியக் கும்பிட்டு அப்புறம் மீதியப் போடுற. பயந்தவன் நடை. இந்தப் படையில வேற யார்கிட்டயும் அது இல்ல."

கபடியில் இடது முட்டி நழுவிய நாளிலிருந்து ஈரத்தரை என்றால் எனக்கு உயிர் போய்விடும். பாசி பிடித்த குளத்துப் படியில் இறங்குகிற மாதிரியேதான் எங்கும் நடப்பேன். ஊரில் அதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. கடைசியில் என் கோழைத்தனத்தை நாட்டின் கனிம வளமாக அறிவித்துவிட்டார்கள்.

கெடுத்துவிடலாம் என்றும் பார்த்தேன். ஒருநாள் தைரியமாக நடப்பது என்று தீர்மானித்து நாலு அடி வைத்தேன். ஐந்தாம் அடியில் பனி கிறீச்சென்றது. தைரியம் அங்கேயே இறங்கிக்கொண்டது. அதுவுமில்லாமல், கழுதை பள்ளத்தில் விழுந்தால் மேலே சாவடியில் இருக்கிறவர்களுக்கு அன்றைக்குச் சோறு இல்லை. நமக்கு விடுதலை வேண்டும் என்பதற்காக ஆறு பேரைப் பட்டினி போட மனசு வருமா? எனக்கு வரவில்லை.

ஊரில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் நறுமுகை. பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாட்டிலைட் போனில் எனக்கு ஆறு நிமிஷம் தருவார்கள். அதில் நாலு நிமிஷம் அவள் என்னைத் திட்டுவாள், ஒரு நிமிஷம் சிரிப்பாள், கடைசி நிமிஷத்தில் நான் கேட்பேன்.

"நறு, நீ எனக்காகக் காத்திருப்பியா?"

"சாப்ட்டியா மாமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"டைம் முடியப்போவுது, வச்சிடறேன்."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நீட்டிப்புக் கடிதம் வந்தது. தேதி மட்டும் புதிது. கல்யாணமும் வைகாசியிலிருந்து தைக்குப் போனது, தையிலிருந்து அடுத்த வைகாசிக்குப் போனது, மறுபடி தை. முதல் வருஷமே ஐந்நூறு பத்திரிகை அச்சடித்துவிட்ட அவள் அப்பா ஏகாம்பரம், ஒவ்வொரு முறையும் பழைய தேதிமேல் புதுத் தேதியைத் துண்டுக் காகிதத்தில் அடித்து ஒட்டினார். இந்த இரண்டரை வருஷத்தில் பத்திரிகை அந்த இடத்தில் மட்டும் தோசை மாதிரி தடித்துவிட்டதாம்.

ஊருக்குப் போக முடியாதவன் உறவுக்காரர்களை இங்கேயே உண்டாக்கிக்கொண்டேன். கழுதைகளுக்குப் பெயர் வைத்தேன். எங்கே திருப்பம் வந்தாலும் நின்று யோசிப்பது பெரிய மாமா. கூட வருகிறவரை இடித்துக்கொண்டே வருவது சின்னத்தை. பதினேழாம் எண்ணுக்குச் சம்பந்தி என்று பெயர். அது முதல் நாள் வரிசையில் சேராமல் கொட்டகை வாசலிலேயே நின்றது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு சம்பந்தியாவது, யாரும் 'வாங்க' என்று கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே நிற்பார். நானும் விளையாட்டாக, "வாங்க சம்பந்தி, ஏன் வெளியவே நிக்கறீங்க, உள்ள வாங்க" என்றேன். வந்துவிட்டது.

மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் சொல்ல மறந்தேன், அது நகரவில்லை. ஒன்று கற்றதை மற்ற முப்பத்தொன்பதுக்கும் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அவற்றைச் செய்திருந்தார்கள். ஒரு வாரத்தில் நாற்பதும் அழைத்தால்தான் வருவோம் என்று நின்றன. அப்புறம் தினமும் காலையில் கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவன் மாதிரி, "வாங்க பெரிய மாமா, வாங்க சின்னத்தை, வாங்க சித்தப்பா" என்று நாற்பது பேரையும் வரவேற்றேன். கேப்டன் அதைக் குரல் பயிற்சி என்று எழுதிக்கொண்டார்.

கழுதைக்குப் பேச்சும் உண்டு. வழியில் வெடிப்பு இருந்தால் சொல்வதற்காக வாய் மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். பேசக் கற்றதும் என்னிடம்தான். அதனால் கழுதையோடு வேலை பார்க்க வருகிற எவனும் முதலில் குடியாத்தம் தமிழ் கற்றாக வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த சமையல்காரர் பீதாம்பர் அப்படிக் கற்றவர்.

"இன்னா தணிகை, எடை பாக்கலாமா?" என்பார் தினமும் காலையில். நான் அறுபத்திரண்டு கிலோவில் இருந்தே ஆக வேண்டும். எடை மாறினால் காலடி அழுத்தம் மாறும், காலடி மாறினால் கழுதை விழும். ஆகவே நடைக்காரனின் சாப்பாட்டை மாற்றக்கூடாது, ஆகவே சமையல்காரரை மாற்றக்கூடாது. பீதாம்பருக்கும் நீட்டிப்புக் கடிதம் வந்தது, தேவை தீரும் வரை.

"உன் காலால நான் இங்க கெடக்கறேன்பா" என்று கரண்டியை ஆட்டுவார். "எம்பொண்ணு பத்தாவதுல இருந்தப்ப நான் கெளம்பி வந்தேன். இப்ப காலேஜ் போய்ட்டா. நான் இன்னும் உனுக்கு ரசம் வச்சினு கீறேன்."

"மன்னிச்சுக்குங்கண்ணே."

"மன்னிப்பு கெடக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோ, அம்பது கிராம் கொறையற."

ஊற்றுகிறவர் முகத்தைப் பார்க்காமலே அந்த ரசத்தைக் குடித்து முடிப்பேன்.

இந்த ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நறுமுகை திட்டாமலே பேசினாள்.

"ஆவணி இருவத்தொண்ணு முகூர்த்தம் மாமா. அப்பா ஒட்டிட்டாரு. இதுக்கு மேல ஒட்டறதுக்குப் பத்திரிகைல எடமில்லன்னு சொல்லிட்டாரு."

"அப்படின்னா?"

"எடமில்லன்னா எடமில்ல. எனக்குச் சேலம் டிப்போக்கு மாத்தல் வேற வந்துகீது. சரி, அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். நீ இன்னும் தேவைன்னு யாரு சொல்றா?"

"மேலிடம்."

"மேலிடம் கழுதை மேல ஏறிப் பாத்துதா? எங்க டிப்போல ஒரு வண்டி ஓடுமா ஓடாதான்னு ஹெட் ஆபீஸையா கேக்கறோம்? பானெட்டைத் தூக்கி வண்டியைத்தான் கேக்கறோம்."

"நறு, நீ எனக்காக..."

"காலுக்கு ஒரு பார்சல் அனுப்பிச்சேனே, வந்துதா?"

ஆறு நிமிஷம் முடிந்தது.

மறுநாள் கேப்டனிடம் போய் நின்றேன்.

"மேடம், என் தேவை தீரலைன்னு யாரு மேடம் சொல்றது?"

"கழுதைங்கதான்."

"என்ன மேடம்?"

"மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கழுதையும் தன் நிலைமையைப் பத்தி அறிக்கை கொடுக்குதே. கடைசிக் கேள்வி உன்னைப் பத்தி. நாற்பதும் 'ஆம்'னு பதில் சொல்லுது. ஹெட்குவார்ட்டர்ஸ்ல அந்த 'ஆம்'மைப் பார்த்துட்டு சீல் குத்துறாங்க."

"ஏன் ஆம்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"சீல் குத்துறவருக்கு அது வேலையில்ல."

"நீங்க இல்லன்னு எழுதக்கூடாதா மேடம்?"

"எழுதலாம். எழுதின மறுநாள் ஒரு கழுதை விழுந்து மேல சாவடியில யாராவது செத்தா, அந்தக் கையெழுத்து என்னுடையது." ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "பார்க்கலாம் தணிகை."

'பார்க்கலாம்' என்பதை அந்த இரண்டரை வருஷத்தில் நான் எத்தனை வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. டாக்டர் சொன்னார், ரெக்கார்டு ஆபீஸ் சொன்னது, ஹெலிகாப்டர் ஓட்டி வந்தவர்கூடச் சொன்னார்.

அந்த மாத அறிக்கை நாள், ஆடி இருபத்தாறு. அன்றைக்கு அதிகாரியும் கூடவே நடந்து, பாதையிலேயே வைத்து அறிக்கையை வாங்க வேண்டும். நல்ல வெயில். நான் முன்னால் போனேன், பின்னால் சம்பந்தி, அதன் பின்னால் மற்ற உறவு முறைகள், பக்கத்தில் கேப்டன் கையில் டேப்லெட்டோடு. பாதி வழியில் என் பூட்ஸுக்குள் பனி புகுந்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.

சாம்பல் நிறக் காலுறை. கணுக்காலுக்குப் பக்கத்தில் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு பஸ்.

அரசாங்கக் காலுறையில் பஸ் கிடையாது.

அடுத்த காலையும் பார்த்தேன். அதிலும் ஒரு பஸ். இது நறுமுகை பார்சலில் வந்தது. பார்சலைப் பிரித்தது ஒன்பது நாள் முன்னால். இரண்டும் ஒரே சாம்பல், இருந்ததும் ஒரே டப்பாவில்; அன்றிலிருந்து தினமும் காலையில் இருட்டோடு எழுந்து கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் முறை கழற்ற மறந்தேன், இம்முறை போட மறந்திருக்கிறேன். காலுறை விஷயத்தில் மறப்பதற்கு வேறு ஏதாவது பாக்கியிருந்தால் அதையும் செய்திருப்பேன்.

"மேடம்" என்றேன். "என் காலுறை சிக்னல் எவ்வளவு வந்திருக்குன்னு பாருங்க."

டேப்லெட்டில் விரலை ஓட்டியவர் அப்படியே நின்றார். "ஒன்பது நாளா பூஜ்யம். கழுதை விழுந்தாத்தான் இதை எடுத்துப் பார்ப்போம்." என் காலைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், கழுதைகளைப் பார்த்தார். "ஒன்பது நாளா ஒரு கழுதைகூட விழலையே!"

"சம்பந்தி, இப்படிக் கொஞ்சம் வாங்க."

வந்தது.

"என் காலு இல்லாமலே நடக்கறீங்களா?"

"பார்க்கலாம், மாப்ள" என்றது சம்பந்தி.

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காது சூடானது. என்னிடம் எல்லாரும் சொன்னதைத்தானே அதுவும் கூடவே நின்று கேட்டிருக்கிறது.

"பார்க்கலாம் எல்லாம் அப்புறம். எப்பலேருந்து?"

"போன வருஷம் பங்குனிலேருந்து. உங்க பயம் எங்களுக்கு வந்துடுச்சு. இப்ப நாங்களே பயந்துக்கறோம்."

"அடப்பாவி. பதினாறு மாசமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் ஆம்னு சொன்னீங்களே!"

கேப்டன் டேப்லெட்டில் அந்தக் கேள்வியைத் தேடி எடுத்துப் படித்தார். "நடைக்காரர் உடன் வரும்போது பயணம் நன்றாக அமைகிறதா?" இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார். "அவ்வளவுதான் இருக்கு. அவர் இல்லாம எப்படின்னு கேள்வியே இல்ல. நீ இல்லாம ஒருநாள்கூட இதுங்க போனதில்லையே தணிகை. உனக்கு நாங்க லீவே கொடுக்கலையே."

"கால் வேணாம்னா, நான் கூட வந்தா மட்டும் எப்படி நல்லா அமையுது?" என்று சம்பந்தியைக் கேட்டேன்.

"வாங்கன்னு கூப்பிடறீங்க. ஓரமா போங்கன்னு சொல்றீங்க. மேல ஏறினதும் களைப்பா இருக்குதான்னு கேக்கறீங்க. எங்களுக்குக் களைப்பு கெடையாது. ஆனா கேக்கறீங்க."

நான் பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். கயிறு கட்ட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், நிமிராமல் இருப்பதற்கு அது ஒரு சாக்கு.

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு சம்பந்தியின் முன்னால் போய் நின்றார். "வாங்க!" என்றார்.

சம்பந்தி அசையவில்லை. "அது ஆர்டர் மாதிரி இருக்குது."

"வாங்க."

"இன்னும் கொஞ்சம் சிரிச்ச மொகமா."

பாலக்காட்டுக் கேப்டன் பதினேழாயிரம் அடியில், ஓர் இயந்திரத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். "வாங்க சம்பந்தி, வாங்க, வாங்க." சம்பந்தி இரண்டு அடி முன்னால் வந்தது. பின்னால் முப்பத்தொன்பதும் வந்தன.

"அவ்வளவுதானா?" என்றார் கேப்டன், மூச்சு வாங்க. "இதை அடுத்து வர்ற ஆளுக்கு நான் சொல்லிக்கொடுத்துட்டுப் போயிடுவேன். வாங்கன்னு சொல்றதுக்கு யாரையும் நீட்டிக்க வேண்டியதில்ல."

"நீங்க எங்க மேடம் போறீங்க?"

"என் டெர்ம் முடிஞ்சு ஒன்றரை வருஷமாச்சு. நடைக்காரன் இருக்கிறவரை அவனோட அதிகாரியையும் மாத்தக்கூடாதாம்."

"சொல்லவேயில்லையே மேடம்!"

"மாசா மாசம் நீ வந்து 'எப்ப மேடம், எப்ப மேடம்'னு நிப்பாய். எனக்கே தெரியாதுடான்னு சொல்ல வாய் வரல. பார்க்கலாம்னுதான் வந்துது."

பீதாம்பர், கேப்டன், நான். என் ஓர் இடது காலில் மூன்று குடும்பங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு இரண்டரை வருஷம் மலை ஏறியிருக்கிறேன். கழுதை யார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

கேப்டன் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். படிவத்தின் அடியில் ஒரு வெற்றுக் கட்டம். "அதிகாரி விரும்பினால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்னு இருக்கு. இதுவரை யாரும் கேட்டதில்ல, நான் உட்பட. இன்னிக்குக் கேக்கிறேன். நீயே என் சார்பா கேளு. அது சொல்றது அப்படியே பதிவாகி மேல போகும். ஆனா ஒண்ணு தணிகை..."

"என்ன மேடம்?"

"'பார்க்கலாம்'னு சொன்னா அதுவும் அப்படியே பதிவாகும். அடுத்த கடிதம் ஆவணி முதல் வாரம்."

சிவப்புப் பொத்தானை அழுத்தினார். டேப்லெட் கேட்கத் தொடங்கியது.

நான் சம்பந்தியின் எதிரே போய் நின்றேன். இரண்டரை வருஷமாக இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தேன். இப்போது கேட்கப் போகிற நேரத்தில், இந்த ஜன்மத்தில் நான் இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னது இந்த மலையில் மட்டும்தான் என்பதும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. நறுமுகையின் பஸ் கணுக்காலில் உறுத்தியது.

"சம்பந்தி, பெரியவங்க நீங்க. சுத்தி வளைக்காம ஒரே வார்த்தைல சொல்லுங்க. இந்த மலைமேல நீங்க நாப்பது பேரும் நடக்கறதுக்கு நான் தேவையா, இல்லையா?"

சம்பந்தி இடது முன்னங்காலை மெல்ல முன்னால் விட்டது. பனியைத் தட்டிப் பார்த்தது. பாதி எடையைப் போட்டது, பொறுத்திருந்து மீதி எடையையும் போட்டது.

"தேவையில்லை, மாப்ள" என்றது. "ஊருக்குக் கெளம்புங்க. பத்திரிகை மட்டும் எங்க நாப்பது பேருக்கும் நேர்ல வந்து வைக்கணும்."